1986 காவல் நிலையம், 2025 கைப்பேசி: ஒரே கோப்பை இரண்டு காலத்துக்குச் செய்வது எப்படி

கதை இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1986 அக்டோபரில் விருதுநகர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரின் காவல் நிலையத்தில் ஒரு திருட்டு வழக்கு பதிவாகிறது. 2025-இல் அந்தக் கோப்பை ஒரு பெண் கண்டெடுத்து, கைப்பேசியில் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்புகிறாள். பழைய செட், பழைய காகிதம், பழைய டிவி, புதிய திரை என்று திரைப்படக் கலைத்துறையின் முக்கால்வாசி வேலை இந்த ஒரு கதைக்குள் வந்துவிடுகிறது. செட் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் எழுத்துதான். சுவரின் நிறம் கொஞ்சம் தப்பினால் யாருக்கும் தெரியாது. சுவரில் தொங்கும் காலண்டரின் கிழமை தப்பினால், ஓடிடியில் படத்தை நிறுத்திப் பார்க்கிறவர் அன்று இரவே அதைப் பதிவாகப் போட்டுவிடுவார்.

அதனால் முதல் வேலை ஒரு பட்டியல். திரைக்கதையை எடுத்து, எழுத்து தெரியக்கூடிய ஒவ்வொரு பொருளையும் காட்சி எண்ணோடு குறியுங்கள். திரைக்கதையில் "ஏட்டு எழுதுகிறார்" என்று மட்டும்தான் இருக்கும். அதற்குள் படிவம், பேனா, கார்பன் தாள், மைப்பெட்டி, ரப்பர் ஸ்டாம்ப், மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய தொலைபேசி எண் சீட்டு என்று ஆறு பொருள் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: யார் செய்தது, எதைக் கொண்டு செய்தது, எந்த ஆண்டில் செய்தது. கடைசிக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1986-இல் நடக்கும் காட்சியில் எல்லாமே 1986-இல் செய்தவையாக இருக்காது. மேசை 1950-களுடையது, பெயர்ப்பலகை 1970-களுடையது, காலண்டர்தான் அந்த ஆண்டுடையது. எல்லாப் பொருளும் ஒரே வயதில் இருந்தால் செட் கண்காட்சி அரங்கு மாதிரி தெரியும்.

பெயர்ப்பலகை

"காவல் நிலையம்" என்ற இரண்டு சொல்லில் ஒரு பொறி இருக்கிறது: நடுவில் வரும் "லை". தமிழக அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதுவரை ணை, லை, ளை, னை நான்கும் எழுத்தின் முன்னால் யானைத் துதிக்கைபோல் சுருண்ட கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் சேர்ந்து மாறின. ஆக மொத்தம் 13 எழுத்து. 1978-க்கு முன் எழுதிய பலகையில் "நிலையம்" பழைய கொம்போடு இருக்க வேண்டும். "சென்னை" என்ற சொல்லுக்கும் இதே கதிதான். கணினியில் இருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துருக்கள் புதிய வடிவத்தை மட்டுமே தரும். எழுத்துருவைத் தேடி அலைவதைவிட, பலகை எழுதும் ஓவியரிடம் பழைய பலகையின் படம் ஒன்றைக் கொடுத்துத் தூரிகையில் எழுத வைப்பது வேகமான வழி.

இரண்டாவது பொறி மாவட்டத்தின் பெயர். இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து விருதுநகர்ப் பகுதி 1985 மார்ச்சில் தனி மாவட்டமானது. அன்று அதன் பெயர் காமராஜர் மாவட்டம். தலைவர்களின் பெயரிலிருந்த மாவட்டங்கள் ஊர்ப் பெயருக்கு மாறியது 1997-இல்தான். ஆகவே 1986-இல் "விருதுநகர் மாவட்டம்" என்று எழுதியிருந்தால் தவறு. இங்கே ஒரு நல்ல வாய்ப்பும் கிடைக்கிறது. பலகை 1970-களில் எழுதியது, மாவட்டம் 1985-இல் மாறியது. அரசு அலுவலகம் ஒரு வரிக்காகப் புதுப் பலகை வாங்காது. மேல் வரியில் "காவல் நிலையம்" பழைய கொம்பு லை-யோடு வெளுத்துக் கிடக்கட்டும். கீழ் வரியில் பழைய பெயரை அடித்துவிட்டு, கொஞ்சம் பளிச்சென்ற வண்ணத்தில் "காமராஜர் மாவட்டம்" என்று வேறொரு கை எழுதியிருக்கட்டும். அடியில் பழைய எழுத்தின் மேடு லேசாகத் தட்டுப்படட்டும். வசனமே இல்லாமல் அந்தக் கட்டடத்துக்கு வயது வந்துவிடும்.

செய்முறை: 6 அடிக்கு 2 அடி தகரத்தை மரச்சட்டத்தில் அடித்து, மேல் பாதி சிவப்பு, கீழ் பாதி நீலம் எனாமல் பூசுங்கள். தமிழக காவல் நிலையப் பலகைக்கு இந்த இரண்டு நிறம்தான் அடையாளம். எனாமல் முழுதாகக் காய 24 மணி நேரம் விடுங்கள். ஈரத்தில் எழுதினால் விளிம்பு கரைந்துவிடும். எழுத்து காய்ந்ததும் 220-ஆம் எண் உப்புத்தாளால் மேலிருந்து கீழாக லேசாகத் தேய்க்க வேண்டும். மழையும் வெயிலும் மேலிருந்துதான் வருகின்றன, வட்டமாகத் தேய்த்தால் பொய் தெரியும். சிவப்பு நீலத்தைவிட அதிகம் வெளுக்கட்டும். துரு ஆணித்தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வழியட்டும். ஆணியே இல்லாத நடுப்பலகையில் துருத் திட்டு வைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

சுவர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நல்ல கார்பெண்டருக்கு இதெல்லாம் பாடம். 24 அடிக்கு 18 அடி அறை, மூன்று பக்கச் சுவர், 12 அடி உயரம் என்றால் சுவர் நீளம் 60 அடி. 4 அடி அகலப் பலகை 15 வரிசை, வரிசைக்கு ஒன்றரைப் பலகை, 23 வந்துவிடும். ஜன்னல், கதவுப் பெட்டிகளுக்கும் கழிவுக்கும் சேர்த்து 30 பலகை வாங்குங்கள். முன்பக்கத்துக்கு 6 மி.மீ. பிளைவுட், பின்னால் 2 அங்குலத்துக்கு 1 அங்குலம் ரீப்பர் சட்டம் போதும்.

இதில் இரண்டு இடத்தில் மட்டும் கண் வையுங்கள். ஒன்று, 8 அடி உயரத்தில் பலகையும் பலகையும் சேரும் கோடு. துணி ஒட்டி, பட்டி பார்த்தாலும் பக்கவாட்டு விளக்கில் அது எட்டிப்பார்க்கும். அந்தக் காலக் கட்டடத்தில் மின்கம்பி மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்துத்தான் ஓடும். அந்த மரச்சட்டத்தை அதே 8 அடிக் கோட்டில் ஓட்டிவிட்டால் காலத்துக்கும் பொருந்தும், இணைப்பும் மறையும். இரண்டு, கனம். பழைய அரசுக் கட்டடச் சுவர் ஒன்றரைச் செங்கல், ஏறக்குறைய 14 அங்குலம். ஜன்னலின் உள்விளிம்பில் அந்த 14 அங்குலத்தைப் பெட்டி கட்டிக் காட்டாவிட்டால், எவ்வளவு வண்ணம் பூசினாலும் அது பலகை வீடுதான்.

அழுக்கு எங்கே வரும் என்பதை மனித உடம்பைக் கொண்டு கணக்கிடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர் தலை சாய்க்கும் உயரத்தில் எண்ணெய்க் கறை, சுவிட்சைச் சுற்றிக் கைக்கறை, தரையிலிருந்து அரை அடி வரை தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தெறிப்பு. சுவிட்ச் கறுப்பு அல்லது பழுப்பு பேக்கலைட் உருண்டையாக, மரப்பெட்டி மேல் இருக்க வேண்டும். தட்டையான வெள்ளை மாடுலர் சுவிட்ச் ஒன்று தெரிந்தாலும் அந்த ஷாட் போச்சு.

காலண்டர், தொலைபேசி, வண்டி எண்

1986-க்கும் 2025-க்கும் தேதியும் கிழமையும் ஒன்றே. இரண்டிலும் ஜனவரி 1 புதன்கிழமை. அதனால் 2025 காலண்டரை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும். மாதக் காலண்டர் தூரத்தில் தெரிந்தால் போதும்தான். தினசரி கிழிக்கும் காலண்டர் குளோசப்பில் வந்தால் போதாது: அமாவாசை, நட்சத்திரம், தீபாவளி எதுவும் பொருந்தாது, தமிழ் ஆண்டும் வேறு. 1986 ஏப்ரல் நடுவிலிருந்து அட்சய ஆண்டு. அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்து, காட்சி நடக்கும் நாளுக்கும் அதற்கு முன்பின் இரண்டு நாளுக்கும் மட்டும் தாள் அச்சிடுங்கள். அடியில் இருக்கும் கட்டு வெறும் தாளாக இருக்கலாம். அக்டோபரில் பாதிக்கு மேல் கிழிந்த கட்டுதானே இருக்கும்? ஜனவரிக் கனத்தில் தடியாகத் தொங்கவிடாதீர்கள்.

சின்ன ஊர்த் தொலைபேசி எண் அன்று மூன்று இலக்கத்தில்கூட இருந்தது. கறுப்பு டயல் போனில் ஒட்டும் சீட்டுக்கு அது போதும். முகவரிகளில் பின்கோடு வரலாம், 1972-லிருந்தே இருக்கிறது. ஆனால் கையால் எழுதுகிறவர் பலர் அதை விட்டுவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னையைப் பொறுத்தவரை தமிழ்ப் பலகையிலும் தாளிலும் அன்றும் சென்னைதான். ஆங்கில வரியில் மட்டும் மெட்ராஸ், அதுவும் 1996 வரை. தமிழிலும் "மெட்ராஸ்" என்று எழுதிவிட்டால் காலம் காட்டியதாகாது.

வாசலில் நிற்கும் ஜீப்பின் எண் பலகை: டி.என். என்று தொடங்கி மாவட்ட எண் வரும் முறை புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1989-க்குப் பிறகு வந்தது. 1986-இல் மூன்று ஆங்கில எழுத்தும் அதிகபட்சம் நான்கு இலக்கமும்தான். தனியார் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. வாடகைக்கு எடுத்த பழைய ஜீப்பின் பின்பக்கம் ஹாலோகிராம் ஒட்டிய இன்றைய பாதுகாப்புப் பலகை ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கத்தை மாற்றிவிட்டுப் பின்பக்கத்தை மறப்பது வழக்கம்.

எஃப்.ஐ.ஆர்.: ஒரு தாள், மூன்று பிரதி

இந்தக் கதையின் நாயகன் முதல் தகவல் அறிக்கைதான், அதனால் இதற்கு நேரம் கொடுங்கள்.

தாள் அளவு முதலில். ஏ4-இல் அச்சிடாதீர்கள். அன்றைய அரசு அலுவலகத் தாள் ஃபுல்ஸ்கேப், ஏறக்குறைய 8 அங்குலத்துக்கு 13 அங்குலம். ஏ4-ஐவிடச் சற்று ஒல்லி, நல்ல நீளம். ஏட்டின் கையில் அந்த நீளம் தொங்குவதே ஒரு தோற்றம். 60 ஜி.எஸ்.எம். அளவில், வழவழப்பில்லாத, வெளுப்பேற்றாத தாளைத் தேடுங்கள். இன்றைய பளீர் வெள்ளை ஜெராக்ஸ் தாள் விளக்கில் வெடித்துத் தெரிவதோடு, திருப்பும்போது சத்தமும் போடும். ஸ்பாட் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே ஒலி எடுக்கிற படமென்றால் ஒலிப்பதிவாளர் முதல் டேக்கிலேயே திட்டுவார்.

படிவத்தின் அச்சு எழுத்து ஈய எழுத்துக் கோத்து அடித்தது மாதிரி இருக்க வேண்டும்: ஒரே வரியில் ஓர் எழுத்து கொஞ்சம் தடிப்பாக, இன்னொன்று மை குறைந்து, கோடுகள் சேரும் மூலையில் மயிரிழை இடைவெளியோடு. கணினியில் வடிவமைத்த படிவத்தில் கோடுகள் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கச்சிதத்தைக் கையால் கெடுக்க வேண்டும்.

உள்ளே எழுதுவது: "குற்ற எண் 214/86" என்ற வடிவில் எண். குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 154-இன்படி பதிவு. வீட்டுக்குள் திருட்டு என்றால் இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 380, இரவில் பூட்டை உடைத்து நுழைந்ததும் சேர்ந்தால் 457. இதே கதையின் 2025 பகுதியில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. இன்றைக்கு நடக்கும் திருட்டுக்கு இ.த.ச.வுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, எஃப்.ஐ.ஆருக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173. ஆனால் குற்றம் நடந்தது 1986-இல் என்பதால் அதற்கு இ.த.ச. பிரிவுதான் பொருந்தும். 2025 காட்சியில் வழக்கறிஞர் கையில் இருக்கும் மனுவில் பழைய பிரிவைப் புதிய எண்ணுக்கு மாற்றிவிட்டால், படம் பார்க்கும் வழக்கறிஞர்கள் சிரிப்பார்கள்.

விவரப் பகுதியை முழுதாக எழுதுங்கள். மேலே இரண்டு வரி சரியாக எழுதி, கீழே பாட்டு வரிகளையோ பத்திரிகைச் செய்தியையோ நிரப்பும் பழக்கம் டிவி பெட்டி சின்னதாக இருந்த காலத்துக்குச் சரி. இன்று நிறுத்திப் படிக்கிறார்கள். பெயர், கதவு எண், தெரு மூன்றும் சேர்ந்து உண்மையான யாரையும் சுட்டாதபடி இருக்கட்டும். எழுதுகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஏட்டு பாத்திரத்தின் கையெழுத்துக்கு ஒருவரை முடிவு செய்து, கதையில் ஏட்டு எழுதும் எல்லாத் தாளையும் அவரிடமே கொடுங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவராகக் கிடைத்தால் நல்லது. 1986-இன் ஏட்டு சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்தவர், அவர் கை பழைய ணை, லை-யைத்தான் எழுதும். அச்சுப் படிவத்தில் புதிய லை, மைப்பேனா எழுத்தில் பழைய லை, இரண்டும் ஒரே தாளில். அதுதான் உண்மையான 1986. பச்சை மையை மேலதிகாரியின் கையெழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வரிசை முக்கியம்:

1. எழுதிய அன்றே, எந்தப் பழுப்பும் ஏற்றுவதற்கு முன், 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுத்து வையுங்கள். இந்த ஸ்கேன்தான் 2025 பிரதிக்கும் கைப்பேசிப் படத்துக்கும் தாய்.

2. மூல மையெழுத்துப் பிரதி 1986 குளோசப்புக்கு. அதில் பழுப்பு வேண்டாம், அன்று அது புதிய தாள். கையில் எடுத்துப் பழகிய லேசான மடிப்பு போதும். 1986 காட்சியிலேயே தாள் காப்பி நிறத்தில் இருப்பது நம் படங்களில் அடிக்கடி பார்க்கும் அபத்தம்.

3. தூரத்து ஷாட்டுக்கும் நடிகர் கையாளுவதற்கும் லேசர் அச்சுப் பிரதிகள். கதைப்படி தாள் கிழியுமானால், எதிர்பார்க்கும் டேக்கைக் கேமரா கோணத்தால் பெருக்கி, மேலே மூன்று சேருங்கள். 6 டேக், 3 கோணம் என்றால் 21.

4. 2025 பிரதி. ஸ்கேனை லேசரில் அச்சிட்டு, அதே எழுத்தாளரை அதே வரிகளின் மேல் பேனாவால் மெல்ல ஓட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டு விளக்கில் பேனா அழுத்திய பள்ளம் தெரிந்தால்தான் கையெழுத்து கையெழுத்தாக இருக்கும். இதற்கு நீரில் கரையாத மை தேவை. நீலத்தைவிட்டுப் பழுப்பேறிய கறுப்பாக இருக்கட்டும்.

5. பழுப்பு. ஒரு லிட்டர் கொதிநீரில் நான்கு மேசைக்கரண்டி டீத்தூள், பத்து நிமிடம், வடிகட்டி முழுதாக ஆறவிடுங்கள். தட்டையான தட்டில் ஊற்றித் தாளை ஒரு நிமிடம் முக்கி, தொங்கவிடாமல் படுக்கவைத்துக் காயவிடுங்கள். தொங்கவிட்டால் சாயம் கீழ்முனையில் சேர்ந்து கறை போடும். சாய மையுள்ள சாதாரண இங்க்ஜெட் அச்சை முக்கினால் எழுத்து நீலமாகக் கரைந்து ஓடும், லேசர் தாங்கும்.

6. இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். சீராகப் பழுப்பேறிய தாள் டீயில் முக்கிய தாள் மாதிரியே தெரியும். கட்டுக்குள் 39 ஆண்டு கிடந்த தாளுக்குக் காற்றும் வெளிச்சமும் பட்டது ஓரத்தில் மட்டும். நடுப்பகுதி வெளிறியே இருக்கும். அதனால் முதல் முக்கல் மிக லேசாக இருக்கட்டும். பிறகு பத்துப் பதினைந்து தாளை அடுக்கி, இறுக்கிப் பிடித்து, கட்டின் பக்கவாட்டில் மட்டும் கெட்டி டிகாஷனைப் பிரஷால் தடவுங்கள். நிறம் ஓரத்திலிருந்து உள்ளே கசிந்து தானாக மங்கும். கோப்புக் கயிறு போன துளையைச் சுற்றித் துருவளையம், ஸ்டேப்ளர் முள் இருந்த இடத்தில் இரண்டு துருப் புள்ளி. மடித்த கோட்டில் தாள் உடையத் தொடங்கியிருக்கட்டும். பூச்சி அரிப்பு வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து உள்நோக்கி, அடுத்தடுத்த தாள்களில் அதே இடத்தில் தொடர வேண்டும். பூச்சி ஒரு தாளைத் தின்றுவிட்டு அடுத்த தாளில் இடம் மாறிப் போகாது.

7. மெழுகுவர்த்தியில் ஓரத்தை எரிக்காதீர்கள். காவல் நிலையத்தில் தீப்பிடித்த கதையென்றால் ஒழிய.

அலமாரியில் தெரியும் மற்ற கோப்புகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். 60 கட்டு தேவையென்றால் எட்டை மட்டும் உண்மைத் தாளில் கட்டுங்கள். மீதி பழைய பேப்பர் கடையில் கிலோக்கணக்கில் வாங்கிய கணக்குப் புத்தகங்கள், வெளியே காக்கித்தாள் அட்டை, நாடா. தெர்மாகோல் கட்டையை உள்ளே வைத்தால் எடை இராது. நடிகர் தூக்கும் கட்டில் எடை இல்லாவிட்டால் தோளைப் பார்த்தே தெரிந்துவிடும்.

அரசு முத்திரையை அப்படியே பிரதியெடுக்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் அரசுச் சின்னச் சட்டம் அனுமதியற்ற பயன்பாட்டைத் தடுக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் பாதி மை பிடிக்காமல், சாய்வாக, ஊதா நிறத்தில் விழுந்தால் போதும், கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

திருட்டுப் பணம்

1986-இல் 500 ரூபாய் நோட்டு கிடையாது, அது 1987-இல் வந்தது. காந்தி படம் போட்ட வரிசை 1996-இல். ஆகப் பெரிய நோட்டு நூறுதான், அதுவும் அசோகத் தூண் வரிசை. பழைய நோட்டுகள் நாணயச் சேகரிப்பாளர் கடைகளில் கிடைக்கும். கட்டின் மேலும் கீழும் உண்மை நோட்டு, நடுவில் அதே அளவுக்கு வெட்டிய வெற்றுத்தாள். அந்தக் கால வங்கிக் கட்டில் இடப்பக்கம் ஸ்டேப்ளர் அடித்திருக்கும், அந்தத் துளைகளையும் போடுங்கள். நோட்டைப் பார்த்துப் பிரதி அச்சடிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நோட்டை ஒத்த தாளை அச்சிடுவதே குற்றம், முன்பு இ.த.ச. 489-E, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 182. பார்ப்பதற்கு அவசரச் செலவு மிச்சம் மாதிரி இருக்கும், தயாரிப்பு மேலாளர் நீதிமன்றப் படியேறுவார்.

நிலையத்து டிவி

1986-இல் சின்ன ஊர்க் காவல் நிலையத்தில் டிவி இருக்குமா என்று இயக்குநரிடம் ஒருமுறை கேளுங்கள். எதிர்த்த டீக்கடையில் இருந்தால் இன்னும் பொருத்தம். கறுப்பு வெள்ளைப் பெட்டி, தூர்தர்ஷன்.

பழைய பெட்டியில் ஆன்டெனா சொருகும் இடம் மட்டும்தான் இருக்கும். லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ., அதை மாற்றி ஏ.வி. சிக்னல், அதை ஆர்.எஃப். மாடுலேட்டருக்குள் (சிக்னலை டிவி அலைவரிசையாக மாற்றும் பெட்டி) கொடுத்து ஆன்டெனா வழியே ஏற்ற வேண்டும். படத்தை 4:3-இல், 720-க்கு 576 புள்ளியில் தயாரியுங்கள். பெட்டி ஓரத்தை வெட்டிவிடும், எழுத்து எதையும் நான்கு பக்கமும் பத்து சதவீதத்துக்குள் வைக்காதீர்கள்.

கேமரா வினாடிக்கு 24 பிரேமில் ஓட, பெட்டி வினாடிக்கு 25 பிரேம், அதாவது 50 புலம் (ஒரு புலம் அரை பிரேம்) வரைகிறது. ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை ஷட்டரின் டிகிரி சொல்லும். 180 டிகிரி ஷட்டரில் எடுத்தால் பட்டை பட்டையாக இருட்டு உருளும். ஷட்டரை 172.8 டிகிரிக்கு வைத்தால் ஒரு பிரேம் சரியாக 1/50 வினாடி திறந்திருக்கும்; பட்டை போய் மெல்லிய கோடு மட்டும் நகரும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் டியூப்லைட்டின் துடிப்புக்கும் இதே 172.8 மருந்து. அந்தக் கோடும் கூடாது என்றால் டிவி தெரியும் ஷாட்டை மட்டும் 25 பிரேமில் 180 டிகிரியில் எடுக்கலாம், கோடு ஓரிடத்தில் நின்றுவிடும். ஆனால் 24-இல் ஓட்டும்போது எல்லாம் நாலு சதவீதம் மெதுவாகும். அந்த ஷாட்டில் வசனம் இருந்தால் ஒலிப்பதிவாளருக்கு முன்பே சொல்லுங்கள். திரையின் நிறம் வேறு நீலம் பாயும். மஞ்சள் விளக்கு எரியும் அறையில் பெட்டி ஐஸ்கட்டி மாதிரி தெரியும். பெட்டிக் கண்ணாடிமேல் ஆரஞ்சு ஜெல் (ஒளியின் நிறம் மாற்றும் கண்ணாடித்தாள்) ஒட்டி நீலத்தை இறக்குங்கள்.

கைப்பேசி

முதல் முடிவு: திரை செட்டிலேயே எரியப்போகிறதா, பிறகு ஒட்டப்போகிறோமா? விரலும் முகமும் ஒரே ஷாட்டில் இருந்தால் செட்டிலேயே எரியவிடுங்கள். திரை வெளிச்சம் முகத்தில் விழுவதை விஎஃப்எக்ஸில் செய்வது செலவு. பிறகு ஒட்டுவதென்றால் பளீர் பச்சை வேண்டாம், விரல் ஓரமெல்லாம் பச்சை பூசிக்கொள்ளும். மங்கிய சாம்பல் நிறமும், நாலு மூலையில் சின்னச் சின்னக் குறியும் போதும்.

செட்டில் எரியும் திரைக்கு, அந்தக் கைப்பேசியின் அதே புள்ளி அளவில், முழுத்திரையில் திறக்கும் ஒரு வலைப்பக்கமாகச் செய்துகொள்வது வசதி. எங்கே தொட்டாலும் அடுத்த நிலைக்குப் போகும்படி வையுங்கள். நடிகர் வசனமும் பேசி, கண்ணீரும் விட்டு, அனுப்பும் பொத்தானைக் குறிபார்த்தும் தொட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. விமானப் பயன்முறை, தானியங்கி வெளிச்சம் நிறுத்தம், திரைப்பூட்டு நிறுத்தம், மூன்றையும் ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் பாருங்கள். வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு, படத்தைக் கருமையாக வடிவமைத்துக் குறையுங்கள். கைப்பேசியிலேயே வெளிச்சத்தை இறக்கினால் பல திரைகள் வேகமாக அணைந்து எரிந்துதான் மங்குகின்றன, கேமராவில் துடிப்பு விழும். துடித்தால் 144 டிகிரி, அதாவது 1/60 வினாடி, வைத்துப் பாருங்கள். அறையில் சாதாரண டியூப்லைட்டும் எரிந்தால் இப்போது அது துடிக்கத் தொடங்கும். எதை விட்டுக்கொடுப்பது என்று ஒளிப்பதிவாளர் முடிவு செய்யட்டும், ஆனால் சோதனை முந்தைய நாளே நடக்கட்டும்.

தமிழ் எழுத்துக்கு உரிய தலைவலி ஒன்று இருக்கிறது. தட்டத் தட்ட எழுத்து தோன்றும் விளைவை மென்பொருளிடம் விட்டால், அது யூனிகோடு குறிகளை ஒவ்வொன்றாக எண்ணி வெட்டும். எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒரு நொடி புள்ளிவட்டத்தோடு தனிக்கொம்பு மட்டும் மின்னி மறையலாம். "போலீஸ்" என்ற சொல்லுக்கு நிலைகளைக் கையாலேயே வரிசைப்படுத்துங்கள்: ப, போ, போல, போலீ, போலீஸ, போலீஸ். உண்மையான விசைப்பலகையிலும் மெய்யின் புள்ளி கடைசியில்தான் விழும். ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், பத்தி அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான காம்போசரைத் தேர்ந்தெடுங்கள். வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் முன் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள்.

உரையாடலின் மேலே வரும் பெயரை அந்தப் பெண் சேமித்து வைத்தபடி எழுதுங்கள். "திரு. முருகன்" என்று யாரும் அண்ணனைச் சேமிப்பதில்லை. "அண்ணா புது நம்பர்" என்றுதான் இருக்கும். எண் தெரிய வேண்டுமானால் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி அந்த எண்ணையே காட்டுங்கள். கற்பனையாக எழுதிய பத்து இலக்கம் யாரோ ஒருவருடையதாக இருக்கும், படம் வெளியான வாரம் அவர் தூங்க மாட்டார். நேரம், பேட்டரி, சிக்னல் மூன்றையும் காட்சி எண்ணோடு ஓர் அட்டவணையில் எழுதி உதவி இயக்குநரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

அவள் அனுப்பும் எஃப்.ஐ.ஆர். படத்தை வடிவமைப்புக் கோப்பிலிருந்து ஒட்டாதீர்கள். மேலே ஆறாம் படியில் செய்த பழுப்புத் தாளை, காட்சியில் இருக்கும் அதே மேசைமேல் வைத்து, அதே கைப்பேசியால், அவள் நிற்கும் கோணத்திலிருந்து எடுங்கள். படம் எடுப்பவரின் நிழல் தாளின் கீழ்மூலையில் விழுந்திருக்கட்டும். இதை அந்தக் காட்சியின் படப்பிடிப்புக்கு முன்பே செய்தாக வேண்டும் என்பதால், 2025 பிரதி முடியும் தேதியை அட்டவணையில் இரண்டு நாள் முன்னே தள்ளி வையுங்கள். தாள் காயவே ஒரு நாள் ஆகும், மழைக்காலமென்றால் இரண்டு.